தொட்டியை நிரப்பியவள்

மாமியார் காது மிஷினைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டால், அந்த வீட்டில் அன்றைக்குப் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு யார் தொண்டை கிழியக் கத்தினாலும் அவர் பாட்டுக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தான் சொல்ல நினைப்பதை மட்டும் சொல்லுவார். எதிராளியின் பதிலே காதில் விழாத சண்டையில் அவர் ஜெயிக்காமல் வேறு யார் ஜெயிப்பது?

அன்று காலை மூத்த மருமகள் டீ டம்ளரை நீட்டியபோது அவர் அதைத்தான் செய்தார். டம்ளரை வாங்கவில்லை. மிஷினைக் கழற்றிச் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என் பிள்ளை பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டு, டீ வேற கொண்டு வர்றா பாரு..." என்றார் சுவரிடம்.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. மூத்தவள் போய் மோட்டாரை நிறுத்தினாள். விடிவதற்கு முன்னால் எழுந்து மோட்டாரைப் போடுவதும் அவள்தான், ஞாபகமாக நிறுத்துவதும் அவள்தான். மற்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்பது மட்டுமே.

அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காலையும் மாலையும் பிள்ளைகள். அந்தச் சம்பளம் குடும்பத்துக்கு. பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு தொழிற்சாலை ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு நடை, விடுமுறை நாளில் விளையாட்டுப் போட்டிக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு நடை. அந்தக் கூடுதல் வருமானம் முழுவதும் கடனுக்கு. விடுதியில் தங்கிப் படிக்கிற மகள் மேடையேறிப் பரிசு வாங்கிய நாளில்கூட அவள் யாரோ ஒரு கால்பந்து அணியை எங்கேயோ கொண்டு போய் விட்டுக்கொண்டிருந்தாள். முதுகு வலிக்கு இருக்கையில் ஒரு தலையணையை வைத்துக் கட்டியிருந்தாள்.

கடன் வந்தது கூரையால். வீடு வாங்கிய கடனை ஒருவழியாக அடைத்து, பத்திரம் கைக்கு வந்து, அப்பாடா என்று மூச்சு விட்ட அடுத்த மழைக்கே கூரை ஒழுகியது. வங்கியில் புதுவிதமான கடன் ஒன்றைச் சொன்னார்கள். வீட்டை ஈடாக வைத்துக்கொண்டு, இவ்வளவுவரைக்கும் எடுக்கலாம் என்று ஒரு வரம்பு போட்டுத் தருவார்கள். மொத்தத்தையும் ஒரேயடியாக வாங்க வேண்டியதில்லை. வேண்டும்போது வேண்டிய அளவு எடுக்கலாம், எடுத்ததற்கு மட்டும் வட்டி. வீடு அவள் பேரிலும் கணவன் பேரிலும் இருந்ததால் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கூரை சரியானது. இனி எடுக்க எதுவும் இல்லை, அடைக்க வேண்டியதுதான் என்று அவள் நினைத்தாள்.

அடைத்தால், அடைத்த அளவுக்கு மறுபடியும் எடுக்கலாம். அதையும் வங்கியில் சொல்லித்தான் இருந்தார்கள். அவள் மனசு அப்போது ஒழுகுகிற கூரையில் இருந்தது.

ஒவ்வொரு மாதமும் சம்பளம் வந்த கையோடு வங்கிக்குப் போய்க் கட்டினாள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். நல்லவன், யாரிடமும் அதிர்ந்து பேசாதவன். "எவ்வளவுங்க குறைஞ்சிருக்கு?" என்று கேட்டால் "குறையுது, குறையுது" என்பான். நேற்று கட்டப் போனபோதுதான் அவளுக்கு என்னவோ தோன்றி, இன்னும் எத்தனை மாதம் கட்டணும் என்று கவுன்ட்டர் பெண்ணிடமே கேட்டாள். அந்தப் பெண் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினாள். கூரை போட்ட நாளில் இருந்ததைவிடக் கடன் அதிகமாக இருந்தது. அவள் கட்டக் கட்ட, பணம் கணவனின் தம்பி கணக்குக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

அவள் கவுன்ட்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "இதை நிறுத்த என்னம்மா பண்ணணும்?" என்றாள்.

"நிறுத்த ஒருத்தர் கையெழுத்து போதும்மா. மறுபடி திறக்கணும்னா ரெண்டு பேரும் வரணும்."

அவள் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். எத்தனையோ வருஷத்தில் தனக்காக அவள் செய்த முதல் காரியம் அதுதான்.

இன்று காலை, மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தபோது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கணவனின் தம்பி இறங்கி வந்தான். வீட்டில் எல்லாரும் அவனை முதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் வண்ண மீன் கடை வைத்தான். மின்சாரம் போன ஒரு மத்தியானத்தில் மீன்களெல்லாம் மிதந்தன. அடுத்தது உடற்பயிற்சிக் கூடம். வந்தவர்களைவிட அங்கே கண்ணாடிகள் அதிகம். இப்போது குழந்தைகள் விளையாட்டுக் கூடம் வைக்க இடம் பார்த்திருந்தான். தொழில்கள் போனாலும் பட்டப்பேர் மட்டும் நிலைத்துவிட்டது. அவன் பின்னாலேயே அவன் மனைவியும் இறங்கி வந்து கடைசிப் படியில் நின்றாள். மூத்தவளின் கணவன் வேலைக்குப் போகும் உடுப்பில், ஷூவை மாட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணி, ஒரே ஒரு கையெழுத்து" என்றான் முதலாளி. "பேங்க் திறந்ததும் அண்ணனும் நீங்களும் வந்து நின்னா போதும். மத்தியானத்துக்குள்ள கட்டடக்காரருக்கு அட்வான்ஸ் குடுக்கணும். இல்லைன்னா இடம் கைவிட்டுப் போயிடும்."

"போகட்டும் தம்பி."

"என்ன அண்ணி இப்படிப் பேசறீங்க... உங்க பணமா கேக்கறேன்? பேங்க் குடுக்குது, நான் வாங்கறேன்."

"பேங்க் உங்களுக்கு ஒண்ணும் குடுக்கல."

மாமியாருக்கு எதுவும் கேட்கவில்லை என்றாலும் முகங்கள் தெரிந்தன. அது போதாதா?

"என் சின்னவன் திறமையைப் பார்த்து பேங்க்காரன் மறுபடி மறுபடி குடுக்கறான்" என்றார். "அது பொறுக்கல இவளுக்கு. இந்தக் காது மிஷினை யாரு வாங்கித் தந்தா? அவன் வாங்கித் தந்தான். இவங்க ரெண்டு பேரும் நான் செவிடாவே கிடக்கட்டும்னு விட்டாங்க..." முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டாள்.

"அவசரத்துக்கு எடுத்துக்கடான்னு என் போன்ல இருக்கற பேங்க் ஆப்பை அவன் போன்லயும் போட்டுக் குடுத்தேன். அப்புறம் நான் பார்க்கல." தலையை நிமிர்த்தாமலே சொன்னான். "ஒரே ஒரு தடவை கையெழுத்து போட்டுக் குடுத்துடேன்... அப்பா போனப்ப எனக்காகப் படிப்பை விட்டவன் அவன். உனக்குத் தெரியும்ல."

"தெரியும். மறக்கல. தம்பி, உங்களுக்கு அதுக்கு நன்றி சொல்லணும்னா இங்கேயே, எல்லார் முன்னாடியும் சொல்றேன். வீட்டை எழுதி வெச்சு நன்றி சொல்ல என்னால ஆகாது."

"வீட்டை யாரு எழுதி வைக்கச் சொன்னா? வட்டியை மட்டும் கட்டிட்டு வந்தா பேங்க் வாயே திறக்காது."

"இப்ப திறக்காது. எடுக்கற காலம்னு ஒண்ணு இருக்கு. அது முடிஞ்சதும் அசலையும் சேர்த்துக் கட்டச் சொல்லுவாங்க. வட்டி ஏறினா அதுவும் ஏறும். அன்னைக்குக் கட்ட முடியலன்னா உங்க விளையாட்டுப் பந்தையெல்லாமா எடுத்துட்டுப் போவாங்க? இந்த வீட்டைத்தான் எடுப்பாங்க. அத்தை எங்க படுப்பாங்க, சொல்லுங்க."

முதலாளி சிரித்தான். "பஸ் ஓட்டறவங்க தொழிலைப் பத்திச் சொல்லித் தரீங்க."

அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குள் எதுவோ அறுந்தது. குரலை உயர்த்தவில்லை.

"மேல தொட்டியில தண்ணி எப்படி வருது தம்பி? நான் மோட்டார் போடறேன், வருது. நீங்க குழாயைத் திறந்து குளிச்சுட்டு, தொட்டி தங்கமான தொட்டின்னு மெச்சிக்கறீங்க. பேங்க்கும் அப்படித்தான். நான் முதுகு ஒடிய ஓட்டிக் கட்டினேன். கட்டின அளவுக்கு இடம் விழுந்தது. அதைத்தான் நீங்க எடுத்தீங்க. திறமை பார்த்து யாரும் குடுக்கல. நேத்து மோட்டாரை நிறுத்திட்டேன். அவ்வளவுதான் நடந்தது."

"எனக்கென்ன தெரியும் அது உங்க பணம்னு?" என்றான் முதலாளி.

"தெரியும்."

சொன்னது அவன் மனைவி. படியை விட்டு இறங்கி வந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் இந்தக் கூடத்தில் இவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

"அக்கா சம்பள நாள் எப்பன்னு என்கிட்டதான் கேப்பாரு. அன்னைக்குக் காலையிலேயே போனைத் திறந்து வெச்சுட்டு உட்கார்ந்திருப்பாரு. அக்கா கட்டினதும் 'விழுந்துடுச்சு'ம்பாரு. அப்பவே எடுத்துடுவாரு. அத்தைக்கு மிஷின் வாங்கினதும் அப்படி ஒரு நாள்தான்..." அவள் அழ ஆரம்பித்தாள். "நான் சொல்லியிருக்கணும்க்கா. மேல குடியிருக்கோம், வாடகை இல்ல, வாயை மூடிட்டு இருந்துட்டேன்."

மூத்தவளின் கணவன் எழுந்து நின்றான். ஒரு காலில் மட்டும் ஷூ இருந்தது.

"உண்மையாடா?"

"எங்கேயிருந்து வந்தா என்ன அண்ணா, எல்லாம் குடும்பப் பணம்தானே" என்றான் முதலாளி. ஆனால் அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

"என்ன சொல்றா சின்னவ? ஏன் அழறா?" என்று மாமியார் ஒவ்வொருவராகப் பார்த்தார். மேசைமேல் இருந்த மிஷினை எடுத்துக் கொடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

மூத்தவள் பேருந்துச் சாவியை எடுத்தாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"சாயங்காலம் வருவேன். பெட்டியைக் கட்டிட்டுப் போவேன்னு யாரும் காத்திருக்க வேண்டாம். இது நான் ஓட்டி ஓட்டிக் கடன் கட்டின வீடு. கையெழுத்து மட்டும் போட மாட்டேன்."

முதல் நிறுத்தத்துக்கு முந்தின திருப்பத்தில் பேருந்தை ஓரம் கட்டினாள். அங்கே யாரும் ஏற மாட்டார்கள். ஸ்டியரிங்கில் தலையை வைத்து வாய்விட்டு அழுதாள். ஏமாந்துபோனது வலித்தது. மிஷின் விஷயம் அதைவிட அதிகமாக வலித்தது. மாமியாருக்குக் காது மந்தமான நாளிலிருந்து, கடன் முடிந்ததும் முதல் காசில் அதைத்தான் வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் அவள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹாரனை அடித்தாள். பிள்ளைகள் வழக்கம்போல முண்டியடித்து ஏறினார்கள்.

அன்று மாலை தொழிற்சாலை நடைக்கு அவள் போகவில்லை. வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். எதற்கும் தயாராகத்தான் நடந்தாள். கதவு சாத்தியிருந்தால் தட்டுவது, திறக்காவிட்டால் திறக்கும்வரை தட்டுவது என்று முடிவு பண்ணியிருந்தாள்.

கதவு திறந்தே இருந்தது. மாமியார் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் நிலையில் சாய்ந்தபடி கணவன். வேலைக்கே போகவில்லை போலிருக்கிறது. குரல் கட்டிப்போயிருந்தது.

"அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன்" என்றான். "மிஷினை மாட்டிக்க மாட்டேன்னுட்டாங்க. காதுகிட்ட கத்திக் கத்தித்தான் சொன்னேன். நான் கண்ணை மூடிட்டு இருந்ததையும் சேர்த்து. தெரு முழுக்கக் கேட்டிருக்கும்."

"கேட்கட்டும்" என்றாள்.

"அவன் போன்ல இருந்த பேங்க் ஆப்பை எடுத்துட்டேன். இனிமே கட்டறதுல பாதி என்னோடது. ராத்திரி வேலைக்கும் ஒத்துக்கிட்டேன். நீ... கால்பந்துக்காரங்களை இனிமே வேற யாராவது கூட்டிட்டுப் போகட்டும்."

அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அது அவனுக்கும் தெரிந்திருந்தது.

மாமியார் கையை நீட்டினார். உள்ளங்கையில் காது மிஷின் வியர்வையில் நனைந்திருந்தது. நாள் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"இதை மாட்டிக்க எனக்குக் கூசுது" என்றார். "யாரு குடுத்ததுன்னு தெரியாம இத்தனை நாள் மாட்டிட்டு, உன்னையே வைதேன். உன் காதுல விழற மாதிரியே வைதேன். உன் பதில் மட்டும் வேண்டாம்னு கழட்டி வெச்சேன்... வாங்கினவ கையாலேயே மாட்டி விடு. மாட்டுவியா?"

அவள் படியில் உட்கார்ந்தாள். நரைத்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். மிஷின் இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை சரியாக உட்கார்ந்து, மெல்லியதாக ஒரு விசில் சத்தம் வந்து அடங்கியது. மாமியார் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். இருவரும் அழுதார்கள். கணவன் அங்கே நிற்பதா, உள்ளே போவதா என்று தெரியாமல் நின்றான்.

கொஞ்சம் கழித்து மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடியை நிமிர்ந்து பார்த்தார். அங்கே ஜன்னல் பாதி திறந்திருந்தது.

"அவன் நாளைக்கும் வந்து கேப்பான். என்னை விட்டும் கேக்கச் சொல்லுவான்" என்றார். "நான் கெஞ்சினா போடுவியா கையெழுத்து?"

"மாட்டேன் அத்தை."

"எனக்குக் கேட்டுடுச்சு" என்றார் மாமியார், மருமகளின் கையை விடாமல். "மேல இருக்கறவனுக்குக் கேட்டிருக்காது. இன்னும் சத்தமா சொல்லு."