திருட்டு வேண்டாம் என்றாள் ஜீவராணி

“இதுல ஒண்ணுமே இல்லியே நங்கி... டிஸ்க் சுத்தமா காலி.”

“காலின்னு தெரிஞ்சுதான் கொண்டாந்தேன். அப்புறம், நான் உங்களுக்கு நங்கி இல்ல. பேரு ஜீவராணி.”

கடைக்கு வரும் பெண்களை எல்லாம் சிங்களத்தில் தங்கை என்று கூப்பிட்டுப் பழகிய கிருஷ்ணகுமார் நிமிர்ந்து பார்த்தான். ருவான்வெல்லைக் கடைத்தெருவில் கணினி திருத்தும் கடை அவனுடையது. வெளியே மழை தகரத்தைப் பிளந்துகொண்டிருந்தது. உரப்பையில் சுற்றிக் கொண்டுவந்த மடிக்கணினி நனையவில்லை. அவள்தான் தலை முதல் கால்வரை நனைந்திருந்தாள். அவன் பார்வை அவள் கண்களில் வந்து நின்றது... நின்றபடியே இருந்தது.

அவனுக்கும் அழகான கண்கள்தான். அந்த நினைப்பு வந்ததற்காக ஜீவராணி தன்மேலேயே கோபப்பட்டாள்.

வந்த காரியம் பெரிது. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வாசனைச் சரக்குக் கடைக்கு இணையப்பக்கம் செய்து காட்டினால், கேகாலையில் உள்ள ஓர் அலுவலகம் அவளுக்கு வீட்டிலிருந்தே செய்யும் வேலை தரும். தவறினால் கொழும்பில் துணிக்கடை வேலைதான். அன்று புதன்கிழமை.

“வெப் டிசைன்னா வின்டோஸ்தாங்க. கிராக் பண்ணினது ஒண்ணு இருக்கு... அரை மணித்தியாலத்துல போட்டுத் தாரேன்.”

“கிராக்குன்னா திருட்டுத்தானே?”

“எல்லாரும் போடுறதுதாங்க.”

“எல்லாரும் போடட்டும். லினக்ஸ் இருக்கே... காசும் வேணாம், களவும் வேணாம். அதப் போடுங்க.”

அவன் சிரித்தான். “அதுல டிசைன் வேல செஞ்சு கிழிச்ச மாதிரிதான்.”

“செஞ்சு முடிச்ச சைட் கடைசில எங்க போய் உக்காருது? சேர்வர்ல. அதுல பாதிக்கு மேல ஓடுறது லினக்ஸ்தான். கடை வச்சிருக்கீங்க, இது தெரியாதா?”

“தெரியும்... ஆனா, லயத்துல யாருங்க வந்து செக் பண்ணப் போறா?”

உரப்பையைப் பார்த்தே அவள் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் இருந்து வந்தவள் என்று கண்டுகொண்டு, விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அந்தச் சொல் அவளோடு நிற்கவில்லை, குடும்பத்தின் மேலேயே விழுந்தது. ஜீவராணியின் தகப்பன் காத்தமுத்து முப்பது வருடமாக ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அளவு கூட வேண்டுமென்று பாலில் தண்ணீர் கலப்பவர்கள் எந்தத் தோட்டத்திலும் உண்டு. காத்தமுத்துவின் வாளியில் மட்டும் சோதிக்கும் மானியைப் போட்டுப் பார்ப்பதைக் கணக்கப்பிள்ளை நிறுத்தி எத்தனையோ வருடமாகிறது. அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணிடமா இந்தப் பேச்சு...

“லயத்துக்குத் திருட்டே போதும்னு நினைச்சீங்களா? இப்படிக் குடுங்க.”

மடிக்கணினியை வாங்கிச் சுற்றிக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். பின்னால் அவன் கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை.

மறுநாளும் மழை விடவில்லை. மரம் நனைந்தால் பால் வெட்டு இல்லை. காத்தமுத்து வீட்டில் இருந்தார். லயத்து வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அக்கம்பக்கத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

“யாரு தம்பி?”

“கொம்பியூட்டர் கடையில இருந்து வாறேங்க. ஜீவராணின்னு பேரச் சொல்லி விசாரிச்சு வந்தேன். இந்தப் பென் டிரைவ்ல லினக்ஸ் இருக்கு... குடுத்துட்டுப் போகலாம்னு.”

“லயத்துல யாரு வந்து பாக்கப் போறான்னு கேட்டது நீங்கதானா?”

கிருஷ்ணகுமார் தலையைக் குனிந்தான். “ஆமாங்க. மன்னிச்சுக்கங்க.”

“எங்கிட்ட எதுக்கு? அவகிட்ட சொன்னதுக்கு மன்னிப்பும் அவகிட்டதான் கேக்கணும்.”

ஜீவராணி கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றாள். முகம் இளகவில்லை. நெஞ்சு மட்டும்... அது அவள் பேச்சைக் கேட்பதாக இல்லை.

“நானும் கொடகவெல பக்கத்து லயத்துல பொறந்தவன்தாங்க,” என்றான் அவன். “டவுன்ல கடை போட்ட பெறகு அதச் சொல்றதில்ல. மத்தவங்க லயத்த எளக்காரமாப் பேசுறப்போ நானும் சேர்ந்து பேசிப் பழகிட்டேன்... வெக்கமா இருக்கு. நேத்தே கடை மெஷின்லயும் லினக்ஸ் போட்டுட்டேன். ஒரு கலியாணக் கார்ட் அதுலயே செஞ்சு பாத்தேன். முடியுது.”

“முடியும்னு நான்தான் சொன்னேனே.”

“சொன்னீங்க... எனக்குத்தான் செஞ்சு பாக்காம நம்ப மனசு வரல.”

அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து ஒளிந்தது. காத்தமுத்து இருமினார். “வேலயப் பாருங்க.”

லினக்ஸை ஏற்றியது அவள்தான். விசைப்பலகையை அவன் தொடவே விடவில்லை. அன்றும் மறுநாள் காலையும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. வெள்ளிக்கிழமை நண்பகலில் மிளகும் கறுவாவும் மணக்காத குறையாக இணையப்பக்கம் கேகாலைக்குப் போனது. மூன்று மணிக்கு வேலை அவளுக்கென்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பென் டிரைவைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனாள்.

“வச்சுக்கங்களேன்...” என்றான் கிருஷ்ணகுமார். “அதோட... ஒண்ணு சொல்லணும். ரெண்டு நாளா சொல்லத் தெரியல.”

“என்னன்னு தெரியும். அத இங்க சொல்ல வேணாம்.”

“ஏங்க?”

“கடைக்குள்ள ஒளிஞ்சு பேசுற பேச்சு எங்க வீட்டுல செல்லாது. லயத்துக்கு வாங்க. எங்கப்பா முன்னால, அத்தன பேரும் கேக்குற மாதிரி சொல்லுங்க.”

அவன் முகம் வெளிறியது. “அவரு முடியாதுன்னுட்டா?”

“முதல்ல அப்படித்தான் சொன்னாரு. லயத்துல பொறந்தத மறைச்சவன் நாளைக்கு உன்னையும் மறைப்பான்னாரு. நான் விடல. இப்ப, அவன் வாயால கேக்கணும்னு சொல்லியிருக்காரு.”

“அவருகிட்ட... நீங்க என்ன சொன்னீங்க?”

ஜீவராணி அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

“உங்களப் புடிச்சிருக்குன்னு சொன்னேன். கட்டினா உங்களத்தான்னு சொன்னேன்.”