பொத்தானின் முறை

அந்த விலங்கு ஆஸ்பத்திரியில் வால் இல்லாத வாலு ஒன்றே ஒன்றுதான் உண்டு. வரவேற்பு மேசைக்குப் பின்னால், அம்மாவுக்குப் பக்கத்தில், சுழலும் ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருப்பாள். வயது பத்து. வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் வாலு என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

அம்மாவுக்கு அங்கே பதிவு செய்யும் வேலை. பள்ளி விட்டதும் வாலு நேராக இங்கே வந்து, அம்மா கிளம்பும் வரை ஸ்டூலில் சுற்றிக்கொண்டிருப்பாள்.

அன்று மட்டும் அவள் சுற்றவில்லை. எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் சும்மா கிடந்த பழைய டிவி அங்கே மாட்டப்பட்டிருந்தது. அடுத்து யார் முறை என்று அது காட்டப் போகிறது. அதற்கான நிரலை எழுதியது வாலுதான். கணினி வகுப்பில் ஜாவாஸ்கிரிப்ட் மொழி கற்றுக்கொண்டதிலிருந்து அவளுக்குக் கை சும்மா இருப்பதில்லை.

திரைக்குக் காரணம் தையல்கார அக்கா. அவருக்குக் காது கேட்காது. போன முறை அம்மா கூப்பிட்டபோது அவருக்குத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த யாரோ சட்டென்று அவர் கையைப் பிடித்து இழுத்தார்கள். அக்கா திடுக்கிட்டு எழுந்ததில் மடியிலிருந்த கூடை கவிழ்ந்து, பூனை வெளியே பாய்ந்து, பெஞ்சுக்கு அடியில் ஓடி ஒளிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்த வாலு அன்று இரவே நிரல் எழுத உட்கார்ந்துவிட்டாள்.

இன்று அக்கா மறுபடியும் பூனையோடு வந்திருந்தார். பூனையின் பெயர் பொத்தான். கூடைக்குள் சுருண்டு கிடந்தது.

"ரெண்டு நாளா எதுவும் சாப்பிடலையாம்" என்றாள் அம்மா. "அவசரம் எவ்வளவுன்னு போடுற இடத்துல பத்துக்கு ஒன்பது போட்டிருக்கேன். வரிசைய உன் டிவி பாத்துக்கும்தானே?"

"பாத்துக்கும்மா!" என்று வாலு திரையைப் போட்டாள்.

'அடுத்து' என்று தலைப்பு வந்தது. அதன் கீழே மூன்று வரிகள். மூன்றிலும் ஆங்கிலத்தில் ஒரே சொற்கள்தான்: ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்.

"என்னடி இது? எல்லாருக்கும் ஒரே பேரு வெச்சுட்டே?"

பெஞ்சில் மடியில் ஆமையோடு இருந்த பஸ் ஓட்டுநர் கண்ணைச் சுருக்கிப் படித்தார். "எங்க எக்ஸ்பிரஸுக்குப் பட்டம் குடுத்திருக்கீங்களா? ரொம்ப நன்றி!" எக்ஸ்பிரஸ் என்பது அந்த ஆமையின் பெயர். நகம் வெட்ட வந்திருந்தது.

"ஏன்?" என்று கேட்டது தபால்காரரின் கிளி. அதற்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான். அதனால் அதன் பெயரே ஏன்.

வாலுவுக்குக் காது சிவந்துவிட்டது. அவள் தையல்கார அக்காவிடம் ஓடி, ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள்: 'உங்க முறை வந்ததும் நானே வந்து சொல்றேன்.'

அக்கா படித்துவிட்டுச் சிரித்தார். துணியில் கோடு போடும் சாக்பீஸைப் பையிலிருந்து எடுத்து, தன் கறுப்புப் பையின் மேலேயே எழுதினார்: 'வேண்டாம் கண்ணு. இன்னைக்கு நானே பாத்து எழுந்து போறேன்.'

எழுதிவிட்டுத் திரையைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். புரியாத சொற்களைக்கூட அவர் அவ்வளவு நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தது வாலுவுக்குத் தாங்கவில்லை.

"உள்ள நாய்க்குக் கால்ல தையல் போடுறாங்க" என்றாள் அம்மா. "கதவு திறந்ததும் அடுத்த ஆள அனுப்பியாகணும். அதுக்குள்ள உன் டிவி சரியாகலைன்னா நான் போய்த் தட்டித்தான் எழுப்பணும்."

"வேண்டாம்மா! அதுக்குள்ள சரி பண்ணிடுறேன்."

வாலு நிரலைத் திறந்தாள். ஒவ்வொரு பிராணிக்கும் ஓர் ஆப்ஜெக்ட். அது ஒரு பை மாதிரி. பெயர், என்ன தொந்தரவு, எவ்வளவு அவசரம், எல்லாம் அதற்குள் ஒழுங்காகத்தான் இருந்தன. பிறகு ஏன் திரை இப்படி உளறுகிறது?

அவள் கண் பொத்தானின் கழுத்துக்குப் போனது. சிவப்புப் பட்டையில் குட்டியாக ஒரு தகடு தொங்கியது. அதில் பொத்தான் என்று மட்டும் இருந்தது. மீசை எத்தனை, எடை எவ்வளவு என்றெல்லாம் இல்லை. யாராவது 'நீ யார்?' என்று கேட்டால் அந்தத் தகடு பதில் சொல்லிவிடும்.

"ஐயோ, நான் தகடே மாட்டலையே!"

கணினி வகுப்பில் சொன்னது இப்போது ஞாபகம் வந்தது. முழுப் பையையும் திரையில் எழுதச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் அதை ஒரு சொல்லாக மாற்றப் பார்க்கும். பையிடம் போய், 'உன்னைச் சொல்லாகச் சொல்லு' என்று கேட்கும். அப்படிப் பதில் சொல்கிற வேலைக்கு டுஸ்ட்ரிங் என்று பெயர். அது எல்லா ஆப்ஜெக்டுக்கும் பிறவியிலேயே உண்டு. ஆனால் பிறவியில் வந்ததற்குத் தெரிந்த பதில் ஒன்றே ஒன்றுதான். பாவம், அது அந்த 'ஏன்' கிளிக்கு அண்ணன்.

வாலு புதிதாக ஒரு டுஸ்ட்ரிங் எழுதினாள்: சொல்லாகக் கேட்டால் பெயரைச் சொல்லு.

திரை மின்னியது. எக்ஸ்பிரஸ். ஏன். பொத்தான்.

தையல்கார அக்கா தன் பூனையின் பெயரைப் பார்த்ததும் கூடையைத் தட்டிக் காட்டினார். வாலுவுக்குக் குதிக்கலாம் போலிருந்தது.

"கடைசியா வந்தேன், முதல்ல வந்துட்டேன்!" என்று பஸ் ஓட்டுநர் கை தட்டினார். "எக்ஸ்பிரஸ்னு பேரு வெச்சது வீண் போகல!"

வாலு குதிக்கவில்லை. அவர் சொன்னது சரிதான். நகம் வெட்ட வந்த ஆமை முதலில், இரண்டு நாள் பட்டினி கிடக்கும் பூனை கடைசியில்! இது எந்த ஊர் நியாயம்?

"வாலு, வரிசை தப்பா இருக்கே" என்றாள் அம்மா. "நான் அவசரத்துக்கு நம்பர் போட்டேனே?"

"போட்டீங்கம்மா. நான்தான்..." வாலு நகத்தைக் கடித்தாள். எ, ஏ, ப. அகர வரிசை! 'இதில் எது பெரியது?' என்று நிரல் இரண்டு பைகளை ஒப்பிடுகிறது. பைகளுக்குப் பெயரை விட்டால் வேறு பதில் தெரியாது. அதனால் பெயரையே ஒப்பிட்டு வரிசை போட்டுவிட்டது.

உள்ளேயிருந்து கத்திரிக்கோல் தட்டில் விழும் சத்தம் கேட்டது. தையல் முடியப் போகிறது.

அதே நேரத்தில் பஸ் ஓட்டுநர் ஆமையைத் தூக்கிக்கொண்டு போய் மூலையிலிருந்த எடை மெஷினில் வைத்தார். மெஷின் ஓர் எண்ணைக் காட்டியது. ஆமையின் பெயர் என்ன என்று மெஷின் கேட்கவில்லை.

வாலு ஸ்டூலில் ஒரு சுற்று சுற்றி நின்றாள்.

"அம்மா, கழுத்துப் பட்டைக்குப் பேரு வேணும். எடை மெஷினுக்கு நம்பர் வேணும். பூனை ஒண்ணுதான், கேக்குற ஆள் வேற!"

"ஏதோ சொல்றே. சீக்கிரம் பண்ணு."

எண்ணாகக் கேட்டால் பதில் சொல்ல வேல்யூஆஃப் என்று இன்னொன்று உண்டு. அதுவும் பிறவியிலேயே வருவதுதான். ஆனால் சொல்லித் தராவிட்டால் பையையே திருப்பி நீட்டிவிட்டு நிற்கும். எது பெரியது என்று ஒப்பிடும்போது ஜாவாஸ்கிரிப்ட் முதலில் அதைத்தான் கேட்கும். வாலு அவசரம் அவசரமாகத் தட்டினாள்: எண்ணாகக் கேட்டால் அவசரத்தைச் சொல்லு. பெரிய எண் மேலே வரட்டும் என்று வரிசையையும் தலைகீழாக்கினாள்.

டாக்டரின் அறைக் கதவு கிறீச்சிட்டது. கட்டுப் போட்ட காலோடு நாய் நொண்டிக்கொண்டு வெளியே வந்தது.

திரை மின்னியது. முதல் வரியில், பொத்தான்.

அம்மா கூப்பிட வாயைத் திறந்தாள். வாலு அவள் புடவை நுனியைப் பிடித்தாள். "இருங்கம்மா."

யாரும் கூப்பிடவில்லை. யாரும் யார் கையையும் இழுக்கவில்லை. தையல்கார அக்கா திரையைப் பார்த்தார், கூடையை எடுத்தார், எழுந்து நேராக டாக்டரின் அறைக்குள் நடந்து போனார்.

"எக்ஸ்பிரஸ் மறுபடியும் லோக்கல் பஸ் ஆயிடுச்சே!" என்று பெருமூச்சு விட்டார் ஓட்டுநர். "பரவால்ல, பசிச்ச பூனை முதல்ல போகட்டும்."

"ஏன்?" என்றது கிளி.

"போன தடவ அது பெஞ்சுக்கு அடியில ஓடினப்ப நானும்தான் சிரிச்சேன்" என்று ஓட்டுநர் மெதுவாகச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் ஆமையின் ஓட்டையே தடவிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. அக்காவின் கூடைக்குள்ளிருந்து பலமாக ஒரு மியாவ் வந்தது. பின்னாலேயே டாக்டர் எட்டிப் பார்த்தார். "பல்லுல நீலக் கலர் நூல் சுத்தியிருந்தது, அவ்வளவுதான். எடுத்தாச்சு. இனிமே தட்டையும் சேத்துச் சாப்பிடும்!"

தையல்கார அக்கா மேசைக்கு வந்தார். பையிலிருந்த பழைய எழுத்தைக் கையால் துடைத்துவிட்டு, சாக்பீஸால் புதிதாக எழுதிக் காட்டினார்: 'இங்க நானே எழுந்து போனது இதுதான் முதல் தடவை.'

வாலு கை நீட்டினாள். சாக்பீஸை வாங்கி, அதற்குக் கீழே ஒரு பூனை வரைந்தாள். வால் கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது.

அக்கா கிளம்பிப் போனதும் அம்மா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, கமுக்கமாக ஏதோ தட்டினாள். திரை மின்னியது. கிளிக்கும் ஆமைக்கும் மேலே, முதல் வரியில் புதிதாக ஒரு பெயர் வந்திருந்தது: வாலு.

"எனக்கு என்னம்மா தொந்தரவு?"

"பசி" என்று அம்மா டிபன் டப்பாவைத் திறந்தாள். "அவசரம், பத்து."