ஏழும் இருக்கு

காலையில் எடுத்துப் பார்த்தபோது தூரிகை ஈரமாக இருந்தது. நேற்று அவள் அதைத் தொடவே இல்லை.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று கொட்டாவி விட்டுக்கொண்டே, பெயின்ட் வாசனையும் புழுக்கமும் தேங்கிக் கிடந்த கூடத்துக்கு வந்தாள். அவள் ஓவியர், கணவன் தூரத்துத் தீவில் அழிந்துவரும் பறவையினம் ஒன்றுக்குக் காவலன். அங்கே உயிரோடிருக்கும் ஒவ்வொரு பறவைக்கும் ஒரு படமாகக் கூடத்துச் சுவரில் வரைந்திருந்தாள். தினமும் நாலு மணிக்கு அவன் எண்ணிப் போனில் சொல்வான். செத்ததன் மேல் அவள் வெள்ளை பூசுவாள். நாற்பதில் தொடங்கியது, ஒன்பதில் வந்து நின்றது. பூசிப் பூசி அவளுக்குக் கையும் மனசும் சலித்துப்போயிருந்தன.

இன்று சுவரில் எட்டுதான் இருந்தன.

"எட்டுதாம்மா," என்றான் அவன், நாலு மணிக்கு. மறுநாளும் அவன் கூப்பிடும் முன்பே சுவரில் ஏழு. அவனும் ஏழு என்றான். தூக்கத்தில் எழுந்து நானே பூசித் தொலைக்கிறேனா? பயந்துபோய் வெள்ளை டப்பாவையும் தூரிகைகளையும் பீரோவில் பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தாள்.

காலையில் ஏழும் இருந்தன. அப்பாடா என்று நாற்காலியில் சரிந்தவள் அடித்துப்போட்டது போலத் தூங்கிவிட்டாள். போன்தான் எழுப்பியது.

"ஏழும் இருக்கு. ஆனா..."

"ஆனா என்னங்க?"

"பனி மாதிரி ஏதோ வெள்ளையா ஏறி வருது. என் காலே எனக்குத் தெரியல."

சுவரின் கீழ் மூலையைப் பார்த்தாள். அங்கே கரையில் நிற்கும் அவனையும் விளையாட்டுக்கு வரைந்திருந்தாள், காக்கிச் சட்டையும் தொப்பியும் தொப்பையுமாக. "தொப்பைய கொஞ்சம் கொறச்சிருக்கலாம்ல," என்று லீவில் வந்தபோது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். இப்போது அவனுக்கு முழங்கால்வரை வெள்ளை. பளபளவென்று ஈரம்.

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பழைய துணியால் துடைத்தாள். வெள்ளை வந்தது. அடியில் கால் இல்லை. வெறும் சுவர். இன்னும் அழுத்தினாள். என்றோ காய்ந்த தொப்பையும் சேர்ந்து வந்தது.

"ஏய்... என் இடுப்பு," என்றான். "என் இடுப்பு..."

கை நின்றது. துணியில் காக்கி நிறம்.

"ஏங்க?"

போனில் பறவைகள்தான் கத்தின. ஏழும். சுவரின் மூலையில் அவன் முகத்தின் மேலும் ஈர வெள்ளை, மிச்சம் ஒரு தொப்பி மட்டும். அவள் கையில் அந்தத் துணி.

வெதுவெதுவென்று.