ரோஸ்விதாவின் வெள்ளிப் பதக்கம்

பாட் லிண்டென்தால் என்ற ஊரின் வெந்நீர் ஊற்றுக்கு வருகிறவர்கள் மூட்டுவலியைச் சொல்லிப் புலம்புவார்கள், அழ மாட்டார்கள். அதனால்தான் குளியல் அங்கியோடு ஒரு அம்மாள் அழுதுகொண்டு வந்து நின்றதும், செஸ் பலகையின் முன் இருந்த கூன்ட் பதறி எழுந்தார்.

கூன்ட் ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர். மனைவி விட்டுப் போனவர். பிள்ளைகள் பண்டிகைக்குக்கூடக் கூப்பிடுவதில்லை. எதிரே இருந்த கீசெ முன்னாள் இன்ஸ்பெக்டர், முழங்கால் வைத்தியத்துக்கு வந்தவர். நாளைக்கு ஊருக்குக் கிளம்புகிறார். ஒரு வழக்கு கிடைத்தால் இன்னும் இரண்டு நாள் தங்குவாரே என்று கூன்ட்டுக்கு நப்பாசை. தனிமை மனிதனை அப்படியெல்லாம் ஆசைப்பட வைக்கும்.

வந்தவர் ரோஸ்விதா. அவருடைய கழுத்துச் சங்கிலியும் அதில் கோத்த வெள்ளிப் பதக்கமும் காலையிலிருந்து காணவில்லை. இறந்துபோன கணவர் ஹெர்பெர்ட்டின் ஒரே படம் அந்தப் பதக்கத்துக்குள் இருந்தது. கந்தகத் தண்ணீர் பட்டால் வெள்ளி கறுத்துவிடும் என்பதால் கழற்றி வைத்துவிட்டுக் குளத்தில் இறங்கியிருக்கிறார். ஏறி வந்தபோது கழுத்தில் போட்டுக்கொள்ளப் பதக்கம் இல்லை. ஓய்வுக் கூடத்தில் இருந்தது போலந்துக்காரப் பணிப்பெண் டானுட்டா மட்டுமே. அவள்தான் எடுத்திருப்பாள் என்று ரோஸ்விதா சொல்லிவிட்டார். மாலைக்குள் பொருள் கிடைக்காவிட்டால் டானுட்டாவுக்கு வேலை இல்லை என்று மேலாளரும் சொல்லிவிட்டார்.

"எங்கம்மா வச்சீங்க?" என்று கேட்டார் கீசெ.

"எப்பவும் வைக்கிற இடத்துலதான்."

அது எந்த இடம் என்று கேட்டதற்கு அவர் விழித்தார். அங்கிப் பையில் வைத்திருக்கலாம் என்றார். கீசெ அந்த அங்கியைப் பார்த்தார். அதில் பையே இல்லை.

மூவரும் ஓய்வுக் கூடத்துக்குப் போனார்கள். அலமாரிகள், குப்பைத்தொட்டி, டானுட்டாவின் கைப்பை எல்லாவற்றையும் மேலாளர் ஏற்கெனவே குடைந்து பார்த்திருந்தார். கூன்ட் விடவில்லை. மண்டி போட்டுச் சாக்கடைக் கம்பிக்குள் விரலை விட்டார். அந்தப் பெண் விழுங்கியிருப்பாளோ என்றுகூடக் கீசெயின் காதில் ஓதினார்.

கீசெ சன்னலோரச் சாய்வு நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொன்றிலும் ஒரு துவாலை. இந்த ஊரில் துவாலை விரித்தால் பட்டா எழுதிய மாதிரி. ஒருவனை முகத்துக்கு நேரே திட்டினாலும் திட்டுவார்கள், அவன் துவாலையில் கை வைக்க மாட்டார்கள். கூடத்தையே புரட்டிய மேலாளரும் அவற்றைச் சுற்றித்தான் நடந்திருந்தார்.

ரோஸ்விதாவின் துவாலையைத் தொட்டார் கீசெ, ஈரம். பக்கத்துத் துவாலையைத் தொட்டதும் கூன்ட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது காய்ந்து கிடந்தது. இரண்டிலும் ரோஸ்விதா தங்கியிருந்த விடுதியின் நீலக்கரை; வேறு எதிலும் அது இல்லை.

மேலாளரையும் டானுட்டாவையும் வரச் சொன்னார் கீசெ.

"உங்க வீட்டுக்காரர் குளத்துல இறங்குவாராம்மா?"

"இல்ல. இதயம் பலவீனம், வெந்நீர் ஆகாது. நான் வர்ற வரைக்கும் இங்கதான்..." ரோஸ்விதா நிறுத்திவிட்டார்.

"பதக்கத்தை அவர் கையில குடுத்துட்டுப் போவீங்க. அதுதான் எப்பவும் வைக்கிற இடம். குளிக்கிறவங்க துவாலை காய்ஞ்சிருக்காது. ஆக இது குளிக்காத ஒருத்தருக்கு விரிச்சது. அவருக்கு இன்னமும் நீங்கதான் விரிக்கிறீங்க. உங்க மேல தப்பில்லம்மா. கை பழக்கத்துல வச்சிருச்சு, மனசுக்குத் தெரியல."

ரோஸ்விதா காய்ந்த துவாலையின் ஓரத்தைத் தூக்கினார். பதக்கம் அங்கே இருந்தது.

தனக்காக யாரும் ஒரு துவாலை விரிக்கப் போவதில்லை என்று கூன்ட்டுக்குத் தோன்றியது.

ஆனால் கீசெயிடம் இன்னொரு கேள்வி மிச்சம் இருந்தது. ஆள் இல்லாத நாற்காலியில் துவாலை கிடந்தால் அரை மணியில் எடுத்துவிட வேண்டும் என்று சுவரில் எழுதியிருக்கிறதே, இதை ஏன் விட்டாய் என்று டானுட்டாவைக் கேட்டார்.

அவள் மேலாளரை ஒரு பார்வை பார்த்தாள். "அவர் போன இந்த மூணு வருஷமா, அம்மா வர்றப்பெல்லாம் விட்டுட்டுத்தான் இருக்கேன் சார். அம்மா அந்தப் பக்கம் திரும்பி மெதுவாப் பேசிக்கிட்டு இருப்பாங்க. ஆள் இல்லன்னு எனக்குத் தோணல."

ரோஸ்விதாவின் முகம் வெளிறியது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார், வரவில்லை. சங்கிலியை டானுட்டாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, முதுகைத் திருப்பி நின்று, பின்கழுத்து முடியை ஒதுக்கிக்கொண்டார்.

"எனக்குக் கை எட்டாது. அவர்தான் மாட்டி விடுவாரு. நீ மாட்டி விடுறியாம்மா?"