ஒரு சொட்டு எண்ணெய்

தோகுஜி கைக்கடிகாரத்தின் பேலன்ஸ் சக்கரத்தை இடுக்கி நுனியால் தொட்டு நிறுத்தியபோது, கீழே சமையலறையில் கத்திச் சத்தமும் நின்றது.

விட்டார். சக்கரம் ஆடியது. மனைவி மிட்சுயே மறுபடி முள்ளங்கி நறுக்க ஆரம்பித்தாள். ஐந்து டிக்குக்கு ஒரு வெட்டு, பிசகாமல்.

காலையிலிருந்து சுவா ஏரிப் பக்கமிருந்து மழை. மாடியறையில் பாகங்கள் கழுவிய பெட்ரோல் வாடையும் ஈரப் பாய் வாடையும் கலந்து கிடந்தன. ஏலத்தில் பெட்டியோடு எடுத்த ஓடாத கைக்கடிகாரங்களில் இதுதான் அவர் மனதைப் பிடித்தது. ஒரு வாரம் பிரித்து, கழுவி, பூட்டி, பின்மூடியின் உட்புறம் முந்தைய பழுதுக்காரர்கள் கீறியிருந்த தேதிகளுக்குக் கீழே தன் தேதியையும் பெருமையாகக் கீறிவிட்டார். கால் மணி நேரத்துக்கு முன்புதான் சாவி கொடுத்து ஓடவிட்டார்.

தற்செயல்தான் என்று மறுபடி தொட்டார்.

"ஏங்க, சோயா சாஸ் நேத்து நீங்க..."

கீழே அரவமே இல்லை. செருப்புச் சத்தம்கூட இல்லை. பத்து எண்ணிவிட்டு இடுக்கியை எடுத்தார்.

"...ஊத்தின ஊத்துல தீந்துபோச்சு. உங்களுக்குக் கொஞ்சம்னா ஒரு குளம்."

அவள் சிரித்தாள். இனி இதைத் தொடவே கூடாது என்று முடிவு செய்தார்.

அப்போதுதான் டிக் சத்தம் மாறியது. ஊசிமுனையளவு எண்ணெய் போதும் என்று தெரிந்தும், ஆசையில் இன்னொரு சொட்டு விட்டிருந்தார். அது பரவி, முடி போன்ற சுருள்வில்லின் வளையங்களை ஒட்டவைத்துவிட்டது. ஒட்டினால் கடிகாரம் தலைதெறிக்க ஓடும். கழுவலாம். கழுவ வேண்டுமானால் நிறுத்த வேண்டும்.

கத்தியும் வேகமெடுத்தது.

"மிட்சுயே, கத்தியைக் கீழ வை."

"கை நிக்க மாட்டேங்குதுங்க."

வெட்டு. வெட்டு. வெட்டு. முள்ளங்கி தீர்ந்துபோன பலகையின் சத்தம். இன்னும் வேகமாக.

சக்கரத்தை விரலால் அழுத்திக்கொண்டு படியிறங்கி ஓடினார். மிட்சுயே ஓங்கிய கத்தியோடு சிலையாக நின்றாள். கத்திக்கு நேர் கீழே அவளுடைய இடது கை. நல்லவேளை, வெட்டுப்படவில்லை. கத்தியைப் பிடுங்கித் தூர வைத்தார். உயிர் வந்தது அவருக்கு.

விரலை எடுத்தார்.

சக்கரம் அசையவில்லை. அவர் விரல் அழுத்தியதில் எண்ணெய் எங்கும் பரவி, சுருள்வில்லும் நசுங்கிப்போயிருந்தது.

உலுக்கினார். ஒரு டிக். அவள் கண்மணி அவர் பக்கம் கொஞ்சம் திரும்பியது. மறுபடி உலுக்கினார். ஒரு டிக். உதடு லேசாகப் பிரிந்தது.

மூன்றாவது முறை டிக் வரவில்லை. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாடை நுனியில் ஒரு துளிக் கண்ணீர், விழாமல்.