தலைமாட்டுக் கல்

சிமெண்டுக் கலவை தயார். கல்லும் வண்டியை விட்டு இறங்கிவிட்டது. ஆனால் கல்லைப் படுக்க வைக்க வேண்டிய இடத்தில் ஒரு பையன் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தான். ஆறு வயது இருக்கும்.

அது அவனுடைய அம்மாவின் கல்லறை. அவன் அப்பா தையற்காரர். சட்டையில் குத்தியிருந்த ஊசியைக்கூட எடுக்காமல் வந்திருந்தார். "எழுந்திருடா கண்ணு," என்று கெஞ்சிப் பார்த்தார். அவன் அசைந்தால்தானே.

"கலவை இறுகிட்டா அவ்வளவுதாங்க," என்று கல் செதுக்குகிறவர் கையைப் பிசைந்தார். பிள்ளையைத் தூக்கி அப்பால் விட அவருக்கும் மனசு வரவில்லை.

அவரோடு அவர் மகளும் வந்திருந்தாள். பத்து வயது. கேள்வி கேட்டே ஆளைக் குடைந்துவிடுவதால் அப்பா அவளுக்கு வைத்த பெயர் உளி. விடுமுறை வந்தால் அப்பாவின் வண்டியில் ஏறிவிடுவாள். அந்தக் கல்லறைத் தோட்டத்தில் அவளுக்குத் தெரியாத மூலை கிடையாது.

பெரியவர்கள் "எழுந்திரு" என்றார்களே தவிர, ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது தெரியாவிட்டால் உளிக்குத் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கல்லு பிடிக்கலையா?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன்?"

பையன் கல்லை ஓரக்கண்ணால் பார்த்தான். "இயேசு வர்ற அன்னிக்கு எல்லாரும் கல்லறையை விட்டு எழுந்திருப்பாங்கன்னு ஃபாதர் சொன்னாரு. அதுக்கப்புறம் சாகவே மாட்டாங்களாம். இவ்வளவு பெரிய கல்லை மேல போட்டா அம்மா எப்படித் தள்ளுவாங்க? அவங்களால ஒரு வாளித் தண்ணிகூடத் தூக்க முடியாது."

தையற்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இயேசுவோட கல்லறையிலயும் பெரிய கல்லுதான் இருந்துச்சு," என்றாள் உளி. "அதை யாரு புரட்டுவாங்கன்னு கவலைப்பட்டுக்கிட்டே பொண்ணுங்க போனாங்க. போய்ப் பார்த்தா, அது ஏற்கனவே புரண்டு கிடந்துச்சு."

"அது இயேசு, அக்கா. இவங்க எங்க அம்மா."

அவன் அம்மாவின் கல்லையும் கடவுளே புரட்டிவிடுவார் என்றுதான் உளி நம்பினாள். ஆனால் இன்று ராத்திரி இவன் நிம்மதியாகத் தூங்க வேண்டுமே.

எழுந்துபோய்க் கல்லை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பெயரும் வசனமும் மேல்பாதியில் இருந்தன. கீழ்ப்பாதியில் எழுத்தே இல்லை.

"அப்பா, இதைப் படுக்க வைக்காம தலைமாட்டுல நிறுத்தி வைக்கலாமா? எழுத்து இல்லாத பாதி மண்ணுக்குள்ள போயிடும்."

"அதுக்குக் குழி தோண்டணுமே."

"நான் தோண்டுறேன்."

அப்பா கல்லைச் சாண் போட்டு அளந்தார். தையற்காரரைப் பார்த்தார். அவர் சரியென்று தலையை ஆட்டினார்.

"சரி, கடப்பாரையை எடு," என்றார் அப்பா. பாதிக்கு மேல் அவரேதான் தோண்டினார். குழிக்குள் கலவையைக் கொட்டி, கல்லை நிமிர்த்தி நிறுத்தினார்கள்.

பையன் எழுந்து நின்று பார்த்தான். "இப்ப அம்மா மேல மண்ணு மட்டும்தான்," என்றான் திருப்தியாக. பிறகு அவனுக்கு இன்னொரு சந்தேகம். "அக்கா, எழுந்ததும் எந்தப் பக்கம் பார்ப்பாங்க?"

இப்படி ஒரு கேள்விக்காகத்தானே உளி காத்திருந்தாள். "கிழக்கே. இங்க எல்லாரையும் கிழக்கே கால் வெச்சுத்தான் புதைப்பாங்க. எழுந்து உட்கார்ந்தா சூரியன் வர்ற பக்கம் முகம் இருக்கும்."

பையன் கால்மாட்டுக்கு ஓடினான். கல்லைப் பார்த்துத் திரும்பி நின்று, கால்சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டான்.

"இங்க நின்னா முதல்ல என்னைத்தானே பார்ப்பாங்க?"

"உன்னைத்தான்," என்றாள் உளி.

அவன் தலைமுடியை இரண்டு கையாலும் படிய வாரிவிட்டு, சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டான்.