கிழக்கு கேலரியின் பாரம்

நான்காவது முறையாக அந்தக் கால்பந்து மைதானத்துக்குள் நுழைந்தபோது மணி நான்கு. நல்ல வெயில். நான் பாதுகாப்பு ஆய்வாளன். இடித்துப் புதிதாகக் கட்டிய அந்த இடத்தில், என் கையெழுத்து இல்லாமல் ஒருவரைக்கூட உட்காரவைக்க முடியாது. மூன்று முறை திறப்பு நாள் குறித்து, மூன்று முறையும் தள்ளிப்போட்டுவிட்டேன். ஊரே என்னைத் திட்டித் தீர்த்தது. திட்டட்டும், நான் ஒன்றும் பொழுதுபோகாமல் தள்ளிப்போடவில்லை.

மைதானத்தின் மேலாளர் என் மனைவியின் தம்பி. இன்னொரு முறை தள்ளிப்போனால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று நிர்வாகம் அவனிடம் சொல்லியிருந்தது. ஆறு மாதக் கைக்குழந்தை வைத்திருப்பவன். வாசலிலேயே காத்திருந்தான், முகத்தில் ஈயாடவில்லை.

சிக்கல் கிழக்கு கேலரியில். அதன் தூண்களுக்கு அடியில் பாரத்தை அளக்கும் கருவி உண்டு. இரண்டாயிரம் பேரின் எடைதான் உச்சவரம்பு; தாண்டினால் மணி அடிக்கும். காலையில் அந்தக் கருவி ஒழுங்காகச் சுழியம் காட்டும். மாலையில், வழக்கமாக ஆட்டம் தொடங்கும் நேரத்தில், ஆளே இல்லாத கேலரியில் எண் ஏறும்.

அறுபது கிலோ. பிறகு நூற்று முப்பது. பிறகு இருநூறு.

ஒவ்வோர் ஆளாக வந்து உட்காருவது போல.

நாற்பத்தோராவது ஏற்றத்தில் நின்றுவிடும். பழைய கேலரியில் நெரிசல் ஏற்பட்ட அன்று, வெளிக்கதவை யாரும் திறக்காததால் செத்தவர்கள் நாற்பத்தொரு பேர். அது அவனுக்கும் தெரியும். நாங்கள் இருவரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கட்டுப்பாட்டு அறைக்கு நாங்கள் போனபோது அன்றைய எண்ணும் ஏறி முடிந்து நின்றிருந்தது. அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"கருவியிலதான் ஏதோ கோளாறு மாமா. இப்ப காட்டுறதையே சுழியமா வெச்சிடலாம்."

கடையில் வெறும் பாத்திரத்தைத் தராசில் வைத்துச் சுழியமாக்குவார்களே, அதே வேலை. முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அவன் கண் கலங்கியிருந்தது, என் மனசு இளகிவிட்டது. பொத்தானை அழுத்தினேன். திரையில் சுழியம் வந்தது.

மிச்சம் இருந்தது வெளியேற்ற ஒத்திகை மட்டும். மேலாளரே வெளிக்கதவைத் திறந்து, ஒலிபெருக்கியில் கூட்டத்தை அழைக்கவேண்டும். கேலரி காலியாக இருந்தாலும் சரி, குரல் கடைசி வரிசை வரை கேட்கிறதா என்று பார்த்தாகவேண்டும். அவன் கீழே இறங்கிப் போய்க் கதவை விரியத் திறந்தான். என் ஜன்னலை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

"யாரும் பயப்படாதீங்க. கதவு திறந்திருக்கு. எல்லாரும் என் பின்னாடியே வாங்க."

காலி நாற்காலிகளுக்கு இவ்வளவு உபசாரமா என்று எனக்கும் சிரிப்பு வந்தது. அவை ஆள் எழுந்தால் தானாக மடங்கிக்கொள்ளும் நாற்காலிகள்.

மேல் வரிசையில் ஒன்று மடங்கியது.

டப்.

அது விரிந்திருந்ததையே நான் அதுவரை கவனிக்கவில்லை.

டப். டப். டப்.

சத்தம் வரிசை வரிசையாகக் கீழே இறங்கியது. பூட்டிய அறையில் பலர் நெடுநேரம் அடைந்து கிடந்தது போன்ற வியர்வை வாடை ஜன்னல் வழியே வந்தது. திரையைப் பார்த்தேன்.

சுழியத்துக்குக் கீழே அறுபது கிலோ.

பிறகு நூற்று முப்பது.

எண் இறங்கிக்கொண்டே போய், சுழியத்துக்குக் கீழே இரண்டாயிரத்து அறுநூற்றைத் தாண்டி நின்றது. அவர்களை உட்காரவைத்துக்கொண்டே நான் சுழியம் வைத்திருக்கிறேன். இப்போது அவர்கள் அங்கே இல்லை.

படிகளில் விழுந்தடித்து ஓடினேன். அதற்குள் அவன் ஒத்திகை முடிந்த சந்தோஷத்தில் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விட்டான். "மாப்ள, ஏறாத" என்று கத்தினேன். தூரத்தில் இருந்தவனுக்குக் கேட்கவில்லை. அவன் ஏறிக் கதவைச் சாத்தினான்.

கார் ஒரு பக்கம் லேசாகத் தாழ்ந்தது.

பிறகு மறுபக்கம்.

பிறகு மீண்டும், மீண்டும்.

அவன் எனக்குக் கையாட்டிவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினான். போன் போட்டேன். உடனே எடுத்தான்.

"என்னன்னே தெரியல மாமா, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. நான் ஒருத்தன்தானே இருக்கேன்."

அவன் குரலுக்குப் பின்னால், மிக நெருக்கத்தில், பலர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.